விற்ற வண்டி

மூன்று வருடமாகிறது வண்டியை விற்று.
எதற்கு விற்றேன் என்பது இந்த வழக்கில் இல்லை.
தெற்குவாசல் புரோக்கர் பதினாலாயிரம் எண்ணித் தந்தார்,
அதில் இரண்டு நோட்டு கிழிசல்.
நான் கையெழுத்திட்ட தாளை
மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார்.
"பேர் மாத்திருவாங்கம்மா, நீங்க கெளம்புங்க."

கிளம்பிவிட்டேன்.
வண்டிதான் என் பெயரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு
ஊர் சுற்றுகிறது.

முதல் குறுஞ்செய்தி காளவாசல்,
சிவப்பைத் தாண்டியதற்கு ஐந்நூறு.
அந்த நேரம் நான் ஜெய்ஹிந்துபுரத்தில்
நாற்பது பள்ளிச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.
அடுத்தது ஒத்தக்கடை, தலைக்கவசம் இல்லை.
அதற்கடுத்தது கோரிப்பாளையம்,
ஒரே வண்டியில் மூன்று பேர்.
படமும் அனுப்பியிருந்தார்கள்.
விரல் வைத்துப் பெரிதாக்கினேன்.
ஓட்டுகிறவன் முகம் மசமசவென்று இருந்தது,
பின்னால் ஒரு பெண், நடுவில் நசுங்கிய பிள்ளை,
கால் வைக்கிற இடத்தில் ஈரச்சாக்கில் பூ மூட்டை.
முன்பக்கம் நான் ஒட்டிய கிளி,
அலகு மட்டும் உரிந்து
இன்னும் பச்சையாக.

"கட்டித் தொலைச்சிரு" என்றான் தம்பி.
கட்டினால் நான்தான் தாண்டினேன் என்று ஆகிவிடாதா?

கே.கே. நகர் கோர்ட்டு வேப்பமரத்தடியில்
தட்டச்சு செய்கிறவர் இருநூறு கேட்டார்.
"மனுதாரர் ஏழை, விதவை, ஏதும் அறியாதவர்னு போட்டுறவா?"
வித்துட்டேன்னு மட்டும் போடுங்க என்றேன்.
அதற்கும் இருநூறுதான்.

முதல் வாய்தா நடுவர் விடுப்பு.
இரண்டாவது வாய்தா வக்கீல்கள் புறக்கணிப்பு.
எனக்கு வக்கீலே கிடையாது, இருந்தும் புறக்கணிக்கப்பட்டேன்.
மூன்றாவதில் டவாலி வாசலில் நின்று
பஞ்சவர்ணம், பஞ்சவர்ணம், பஞ்சவர்ணம் என்று
காணாமல்போன மாட்டைத் தேடுகிற மாதிரி கூப்பிட்டார்,
நான் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

நடுவர் என்னைவிடச் சின்னப் பெண்.
"யாருக்கு வித்தீங்க?"
தெரியாதும்மா.
"புரோக்கர் எங்க?"
அந்த எடத்துல இப்ப ஜூஸ் கடை இருக்கும்மா.
பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
விற்ற கையோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம்,
இருபத்தொன்பதாம் படிவம், முப்பதாம் படிவம்.
இருபத்தொன்பது, முப்பது என்றால் எனக்கு
இடுப்பளவு.

"குத்தத்த ஒத்துக்கிறீங்களா?"
எதம்மா, தாண்டுனதையா, எழுதிக்குடுக்காததையா?
ஒரு நிமிடம் பேனாவை மூடிவைத்தார்.
மின்விசிறி கட்டுக்கட்டாக யாருடைய காகிதங்களையோ படித்தது.
"எது உண்மையோ அத."
இரண்டாவதை ஒத்துக்கொண்டேன்.
மொத்தத்தையும் ஆயிரமாகக் குறைத்துவிட்டார்.
ரசீதில் முதலாவதைத்தான் எழுதியிருந்தார்கள்.

அங்கிருந்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.
"வாங்குனவரக் கூட்டிட்டு வாங்க, மாத்திரலாம்."
கூட்டிட்டு வர அவரை எனக்குத் தெரியாதே சார்.
"தெரிஞ்சதும் வாங்க."

போன செவ்வாய் நாலாவது செய்தி.
தெப்பக்குளம், அதிகாலை நாலு பத்து, சிவப்பு, ஐந்நூறு.
தொகையைப் படித்துவிட்டு மூடத்தான் போனேன்.
ஓட்டுகிறவன் தலைக்கவசம் போட்டிருந்தான்.
பிள்ளை வளர்ந்து பின் சீட்டுக்கு வந்துவிட்டது,
அப்பன் சட்டையைப் பிடித்தபடி தூங்குகிறது.
பூ மூட்டை இருந்தது. கிளி இருந்தது.
அவளைக் காணோம்.

பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம்.
மார்க்கெட்டில் முன்னாலேயே போய்
இடம் பிடித்து உட்கார்ந்திருக்கலாம்.
காஜா எடுக்கிறபோதெல்லாம் ஊசி
அந்தப் பின் சீட்டில் போய்ச் சிக்குகிறது.
யாரிடம் விசாரிப்பேன்,
என்ன உறவு என்று கேட்டால்
என்ன சொல்வேன்.

பதினெட்டாம் தேதி வாய்தா.